அன்றாட உணவில் உப்பும் இரத்த அழுத்தமும்

உயர் இரத்த அழுத்தம் எந்த அறிகுறியையும் காட்டாமல் பல ஆண்டுகள் உடலில் இருந்துவிடக்கூடியது. தலைவலி, தலைச்சுற்றல், படபடப்பு ஆகியவை இருந்தால்தான் அழுத்தம் கூடியிருக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. எந்தத் தொந்தரவும் இன்றி வயல் வேலைக்கும் அலுவலகத்திற்கும் சென்றுவரும் ஒருவருக்குப் பக்கவாதமோ மாரடைப்போ வந்த பிறகே அவருடைய இரத்த அழுத்தம் முதன்முறையாக அளக்கப்படுவது இன்றும் அரிதன்று. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதாக 2020ஆம் ஆண்டின் மாநில அளவிலான கணக்கெடுப்பு காட்டியது. அவர்களுள் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு.

புகையிலை, மது, உடலுழைப்பின்மை, கூடுதல் உடல் எடை, உறக்கக் குறைவு ஆகிய பழக்கங்கள் அனைத்தும் இரத்த அழுத்தத்தைப் பாதிக்கின்றன. இப்பக்கம் அவற்றுள் உப்பு ஒன்றை மட்டும் விரிவாக எடுத்துக்கொள்கிறது. புகைப்பவருக்குத் தாம் புகைப்பது தெரியும். தாம் நாளொன்றுக்கு எத்தனை கிராம் உப்பு உண்கிறோம் என்பதோ அநேகமாக யாருக்கும் தெரியாது. மேலும், அந்த அளவை உண்பவர் தீர்மானிப்பதில்லை. வீட்டில் சமைப்பவரின் கைப்பழக்கமே அனைவருக்கும் சேர்த்துத் தீர்மானித்துவிடுகிறது.

உடலுக்குள் உப்பு செய்வது என்ன?

சமையல் உப்பு என்பது சோடியம் குளோரைடு. அதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு சோடியம். 5 கிராம் உப்பில் 2 கிராம் சோடியம் இருக்கும். நரம்புகளும் தசைகளும் இயங்கவும், உடலில் நீரின் அளவு சமநிலையில் இருக்கவும் சோடியம் தேவை. ஆனால் அதற்கு வேண்டிய அளவு மிகச் சிறியது.

தேவைக்கு மேல் உட்செல்லும் சோடியத்தைச் சிறுநீரகங்கள் வெளியேற்ற வேண்டும். வெளியேறும்வரை சோடியம் தன்னுடன் நீரையும் இரத்தத்தில் தங்கவைத்துக்கொள்கிறது. இரத்தத்தின் கன அளவு கூடுவதால் இரத்தக் குழாய்ச் சுவர்களின் மீதான அழுத்தமும் கூடுகிறது. உடல்நலம் உள்ள ஒருவர் ஒரு திருமண விருந்தில் சற்று மிகுதியாக உண்டுவிட்டால் சிறுநீரகங்கள் அதனைச் சில நாட்களில் சரிசெய்துவிடும். நாள்தோறும், ஆண்டுக்கணக்கில் அந்தச் சுமை தொடரும்போதுதான் தீங்கு நேர்கிறது. இரத்தக் குழாய்கள் தடித்து விறைப்படைகின்றன. இதயத்தின் தசை கூடுதல் விசையுடன் இயங்கித் தடிக்கிறது. சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகள் சிதைகின்றன. சிதைந்த சிறுநீரகத்தால் உப்பை முன்போல் வெளியேற்ற இயலாது. ஆகவே அழுத்தம் மேலும் கூடுகிறது.

வயது ஏறினால் இரத்த அழுத்தமும் ஏறத்தான் செய்யும் என்னும் கருத்து பரவலாக உள்ளது. 32 நாடுகளில் 52 இடங்களைச் சேர்ந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 1988இல் வெளியிடப்பட்ட இன்டர்சால்ட் ஆய்வு இக்கருத்தை ஐயத்துக்குள்ளாக்கியது. உணவில் உப்பே சேர்க்காத பிரேசில் நாட்டு யனோமாமி பழங்குடியினரிடையே இரத்த அழுத்தம் குறைவாகவும், வயதுடன் கூடாமலும் இருந்தது. அவர்களுடைய வாழ்க்கை பிற வகைகளிலும் நம்முடையதிலிருந்து வேறுபட்டது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், மூப்பு மட்டுமே அழுத்தத்தை ஏற்றுவதில்லை என்பது அதிலிருந்து தெளிவாகிறது.

எவ்வளவு போதும்?

வயது வந்த ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பையே உட்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சமையலில் இடுவது, இலையில் வைப்பது, கடைப் பண்டங்களில் ஏற்கெனவே கலந்திருப்பது அனைத்தும் இதில் அடங்கும். தலைதட்டிய ஒரு தேக்கரண்டித் தூளுப்பு ஏறத்தாழ இந்த அளவுதான். இந்தியர் ஒருவர் சராசரியாக 8 கிராம் அளவுக்கு உண்கிறார்.

வேறுபாடு 3 கிராம்தானே என்று தோன்றலாம். நாளொன்றுக்குச் சுமார் 4 கிராம் உப்பைக் குறைத்து, அதனை ஒரு மாதத்திற்கு மேல் கடைப்பிடித்தவர்களைப் பற்றிய பல ஆய்வுகளின் தொகுப்பில், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 5 மி.மீ. இறங்கியிருந்தது. தனியொருவருக்கு இது சிறிய எண். மாத்திரையைத் தவறாது உட்கொண்டும் 146இல் நின்றுவிட்ட ஒருவருக்கு, இரண்டாவது மாத்திரை தேவையா இல்லையா என்பதைத் தீர்மானிக்கக்கூடிய எண்ணும் இதுவே.

உப்புப் பொட்டலத்தைக் கொண்டு கணக்கிடுதல்

நோயாளியிடம் எவ்வளவு உப்பு உண்கிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் விடை, ‘அளவாகத்தான்’ என்பது. இந்த விடையால் யாருக்கும் பயனில்லை. மருத்துவ ஆய்வுகளில் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்துச் சோடியத்தை அளப்பார்கள். இல்லத்தில் அதற்கு வழியில்லை. ஆனால் ஓரளவு நம்பத்தகுந்த எளிய முறை ஒன்று உண்டு.

ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தைப் பிரிக்கும் நாளில் அதன் மீதோ நாள்காட்டியிலோ தேதியைக் குறித்துவைக்க வேண்டும். அது தீர்ந்த நாளையும் குறிக்க வேண்டும். வயது வந்தோர் நால்வர் உள்ள வீட்டில் ஒருவருக்கு 5 கிராம் வீதம் நாளொன்றுக்கு 20 கிராம் செலவானால், ஒரு கிலோ 50 நாட்களுக்கு வரும். பொட்டலம் 30 நாட்களில் தீர்ந்துவிட்டால் ஒருவருக்கு நாளொன்றுக்கு 8 கிராமுக்கும் மேல் ஆகிறது. சிறு குழந்தைகளை அரை ஆளாகக் கொள்ளலாம். மீன் கழுவவும், காய் ஊறவைக்கவும், ஊறுகாய் போடவும் எடுத்த உப்பைக் கழித்துக்கொள்ள வேண்டும். விருந்தினர் வந்து தங்கிய நாட்களையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இக்கணக்கில் வெளியே உண்பதும், கடையில் வாங்கும் ஊறுகாய், அப்பளம், முறுக்கு, மிக்சர் ஆகியவையும் சேர்வதில்லை. ஆகவே பொட்டலம் சரியாக 50 நாட்களுக்கு வந்தாலும் உண்மையான அளவு 5 கிராமைத் தாண்டியிருக்கும். நால்வர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்பு இரண்டு மாதங்களுக்கு மேல் வருவதை இலக்காகக் கொள்வது பொருத்தமானது. முதல் பொட்டலத்தில் எதையும் மாற்றாமல், வழக்கமான செலவை மட்டும் அறிந்துகொள்வது நல்லது. மாற்றத்தை இரண்டாவது பொட்டலத்திலிருந்து தொடங்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத சோடியம்

மேலை நாடுகளில் மக்கள் உண்ணும் உப்பின் பெரும்பகுதி ரொட்டி, பதப்படுத்திய இறைச்சி போன்ற ஆலைத் தயாரிப்புகளிலிருந்து வருகிறது. நம் வீடுகளில் இன்னும் அடுப்படியே முதன்மையான மூலம். இது ஒருவகையில் நன்மையே; ஆலையை மாற்றுவதைவிடக் கரண்டியை மாற்றுவது எளிது. ஆயினும், அடுப்படிக்கு வெளியேயிருந்து வரும் சோடியம் ஆண்டுக்கு ஆண்டு கூடிவருகிறது. ஒருவருக்கான உடனடி நூடுல்ஸ் பொட்டலம் ஒன்றிலேயே ஏறத்தாழ 2 கிராம் உப்பு இருப்பதுண்டு.

நம் உணவில் உப்பு செறிந்தவை பெரும்பாலும் பதப்படுத்திச் சேமிக்கப்பட்டவை: ஊறுகாய், அப்பளம், வடகம், மோர் மிளகாய், சுண்டை வற்றல், கருவாடு. எண்ணெய் ஊறுகாயின் எடையில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ உப்பு இருப்பது வழக்கம். நாளொன்றுக்கு மூன்று தேக்கரண்டி ஊறுகாய் தொட்டுக்கொள்பவர் அதிலிருந்து மட்டுமே ஒன்றரை கிராம் அளவுக்கு உப்பைப் பெற்றுவிடுகிறார். இதில் ஓர் எச்சரிக்கை: ஆவக்காய், எலுமிச்சை போன்ற நாட்பட வைக்கும் ஊறுகாய்களில் உப்பைப் பாதியாகக் குறைத்துப் போடக் கூடாது. அவற்றைக் கெடாமல் காப்பதே அந்த உப்புதான். குறைக்க வேண்டியது இலையில் வைக்கும் அளவை. அன்றன்று நறுக்கி எலுமிச்சைச்சாறு பிழிந்து தாளித்த மாங்காய் அல்லது நெல்லிக்காய்க்கு அவ்வளவு உப்பு வேண்டியதில்லை.

ஜப்பானின் வடபகுதியிலுள்ள அகிதா மாவட்டத்தின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. பனி மூடும் நீண்ட குளிர்காலத்திற்காக உப்பிட்ட மீனும், உப்பில் ஊறிய காய்களும், மிசோ என்னும் உப்பு மிகுந்த சோயா விழுதும் அங்கே வீடுதோறும் சேமிக்கப்பட்டன. 1950களில் பக்கவாத மரணங்கள் அந்நாட்டிலேயே மிகுந்திருந்த பகுதிகளுள் அது ஒன்று. இரத்த அழுத்தப் பரிசோதனை, சிகிச்சை, உப்பைக் குறைக்கும் பரப்புரை, குளிர்பதனப் பெட்டியின் வரவு ஆகியவை சேர்ந்து பின்வந்த பத்தாண்டுகளில் நிலைமையை மாற்றின. கருவாடும் வற்றலும் நமக்கும் ஒரு காலத்தில் மழைக்காலத்து உணவாகவே இருந்தன. ஆண்டு முழுவதும் காயும் மீனும் கிடைக்கும் இக்காலத்திலும் அவை அன்றாடம் தொடர்வது சுவைப் பழக்கத்தால் மட்டுமே.

உப்புச் சுவையே இல்லாமல் சோடியம் ஒளிந்திருக்கும் பொருள்களும் உள்ளன. வடை, பஜ்ஜி மாவில் சேர்க்கும் சமையல் சோடா, அப்பளத்தில் சேரும் அப்பளக்காரம், துரித உணவுக் கடைகளில் தூவப்படும் அஜினமோட்டோ ஆகிய மூன்றும் சோடியச் சேர்மங்களே. இனிப்பு பிஸ்கட்டிலும் சோடியம் உண்டு. வயிற்று உப்புசத்திற்கு நீரில் கலந்தால் நுரைத்துப் பொங்கும் தூள்களை நாள்தோறும் குடிப்பவர்கள், அவற்றிலுள்ள சோடியத்தைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பொட்டலங்களின் மீது சோடியத்தின் அளவு 100 கிராமுக்கு இத்தனை மில்லிகிராம் என்று அச்சிடப்பட்டிருக்கும். அதனை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு.

நாக்கு பழகும் காலம்

‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்பது பழமொழி. உப்பை ஒரே நாளில் பாதியாக்கும் வீடுகளில் இப்பழமொழி மெய்யாகிவிடுகிறது. குழம்பு ஒதுக்கப்படுகிறது, ஊறுகாய்ப் பாட்டில் கூடுதலாகத் திறக்கப்படுகிறது, பத்து நாட்களில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. நாக்கின் உப்பு விருப்பம் பிறவியில் நிலைபெற்றதன்று. படிப்படியாகக் குறைத்தால் சில வாரங்கள் முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குள் குறைந்த உப்பே இயல்பான சுவையாகிவிடும்; முன்பு உண்ட அளவு கரிப்பதாகவும் தோன்றும். வழக்கமான அளவில் கால் பங்கைக் குறைத்து மூன்று வாரங்கள் அவ்வாறே சமைத்து, பின்னர் மீண்டும் சிறிது குறைப்பது நடைமுறைக்கு உகந்தது. கையால் அள்ளி இடுவதை விட்டு, எப்போதும் ஒரே கரண்டியைப் பயன்படுத்தினால்தான் கால் பங்கு என்பதற்குப் பொருள் இருக்கும்.

புளி, எலுமிச்சை, தயிர், தக்காளி ஆகியவற்றின் புளிப்பும், மிளகு, இஞ்சி, பூண்டு, வறுத்த சீரகம் ஆகியவற்றின் காரமும் மணமும் உப்பின் குறையைப் பெரிதும் மறைத்துவிடும். ஆகவே ரசத்திலும் புளிக்குழம்பிலும் குறைப்பது எளிது. பருப்பிலும் பொங்கலிலும் கடினம். எளிதானவற்றில் தொடங்க வேண்டும். பொரியலுக்கு உப்பை இறக்கும் தறுவாயில் தூவினால் அது மேற்பரப்பிலேயே நின்று நாவில் உடனே படும். குறைந்த அளவே போதும். சோறு வடிக்கும்போது உப்பிடும் வழக்கம் உள்ளவர்கள் அதனை நிறுத்தலாம். குழம்பிலும் கூட்டிலும் இருப்பதே போதும். கருவாட்டை இரண்டு மூன்று முறை நீர் மாற்றி ஊறவைத்துக் கழுவிய பின், குழம்பிற்குத் தனியாக உப்பிடாமல் கொதித்த பிறகு சுவை பார்க்க வேண்டும். பந்தியில் இலை போட்டதும் ஓரத்தில் உப்பு வைப்பது நம் மரபு. வைத்த உப்பை எல்லாம் தொட்டே ஆக வேண்டும் என்பது எந்த மரபிலும் இல்லை.

அழுத்தம் உள்ளவருக்கு மட்டும் உப்பில்லாமல் தனியாகச் சமைப்பது வழக்கமாக உள்ளது. இது தவிர்க்கப்பட வேண்டியது. இரண்டு குழம்பு வைப்பது சமைப்பவருக்குச் சுமை. தனித்து ஒதுக்கப்பட்ட உணவை உண்பவர் அதனைத் தண்டனையாகவே உணர்வார். அழுத்தம் உள்ளவரே சமைப்பவராகவும் இருந்தால், தமக்கென ஒரு குழம்பை அவர் ஒருபோதும் வைத்துக்கொள்வதில்லை. நம் வீடுகளில் அவர் பெரும்பாலும் தாயாகவோ பாட்டியாகவோ இருப்பார். வீடு முழுவதற்கும் ஒரே பாத்திரத்தில் குறைப்பதே நிலைக்கும். அழுத்தம் இயல்பாக உள்ள மற்றவர்களுக்கும் அதனால் நன்மையே. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் உணவில் உப்புச் சேர்க்கத் தேவையில்லை. சுவைப் பழக்கம் அமையும் பருவமாதலால், பெரியவர்கள் சுவைத்துப் பார்த்துக் குழந்தையின் சோற்றுக்கு உப்புக் கூட்டுவதைத் தவிர்க்க வேண்டும்.

கல்லுப்பு, இந்துப்பு, சோடியம் குறைந்த உப்பு

கல்லுப்பாயினும், தூளுப்பாயினும், இளஞ்சிவப்பு நிற இந்துப்பாயினும் பெரும்பகுதி சோடியம் குளோரைடே. இரத்த அழுத்தத்தைப் பொறுத்தவரை இவற்றுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. இந்துப்பிலுள்ள பிற தாதுக்கள் உடல்நலத்திற்குப் பொருட்படுத்தத்தக்க அளவினவல்ல. அயோடின் சேர்க்கப்படாத உப்பை மட்டுமே பயன்படுத்தும் வீட்டில், குறிப்பாகக் கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் இருந்தால், அயோடின் குறைபாடு நேரலாம். நாம் குறைக்க வேண்டியது உப்பின் அளவை. உண்ணும் உப்பு அயோடின் சேர்க்கப்பட்டதாகவே இருக்க வேண்டும்.

சோடியத்தின் ஒரு பகுதிக்கு மாற்றாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பும் சந்தையில் கிடைக்கிறது. சீனாவின் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வில், இத்தகைய உப்பைப் பயன்படுத்தியோருக்குப் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. பலருக்கும் இது நல்ல மாற்று. ஆனால் சிறுநீரக நோய் உள்ளவர்களும், எனலாப்ரில், டெல்மிசார்டன், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மருந்துகளை உட்கொள்வோரும் மருத்துவரைக் கேளாமல் இதனைப் பயன்படுத்தக் கூடாது. அவர்களுடைய இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்து இதயத்துடிப்பு ஆபத்தான அளவுக்குச் சீர்கெடலாம். நீரிழிவு நோய் நீண்ட காலமாக உள்ளவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு தெரியாமலே இருக்கக்கூடும். அவர்கள் கிரியாட்டினின் பரிசோதனை செய்துகொண்ட பிறகே முடிவெடுக்க வேண்டும்.

வெயிலில் உழைப்போரும் முதியோரும்

உப்பளத்திலும், கட்டடப் பணியிலும், செங்கற்சூளையிலும் உழைப்போர் வியர்வையில் உப்பை இழக்கின்றனர். நம் வழக்கமான உணவிலுள்ள உப்பே அந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுசெய்துவிடும். அவர்களுக்கு முதலில் வேண்டியவை குடிநீரும் நிழலில் ஓய்வும். கடும் வெயிலில் நெடுநேரம் உழைத்துத் தசைப்பிடிப்போ மயக்கமோ ஏற்பட்டால் ஓ.ஆர்.எஸ். கரைசல் அளிக்கலாம். வயிற்றுப்போக்கின்போதும் ஓ.ஆர்.எஸ். கரைசலை உப்புக்கு அஞ்சித் தவிர்க்கக் கூடாது.

நீர்மாத்திரை உட்கொள்ளும் முதியவர்கள் உப்பை அறவே நிறுத்திவிட்டால் இரத்தத்தில் சோடியம் அளவுக்கு மீறிக் குறைந்து, சோர்வும் தடுமாற்றமும் மனக்குழப்பமும் உண்டாகலாம். குறைப்பது வேறு, அறவே நிறுத்துவது வேறு.

மாத்திரையும் அளவீடும்

உப்பைக் குறைத்ததால் அழுத்தம் இறங்கிவிட்டது என்று மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. மாத்திரை உட்கொள்வதால் உப்பைப் பற்றிக் கவலையில்லை என்பதும் தவறு. உப்பு மிகுந்தால் பல மாத்திரைகளின் பயன் குறைகிறது. அளவைக் குறைப்பதா, தொடர்வதா என்பதை அளவீடுகளைப் பார்த்து மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

அளப்பதற்கு முன் அரை மணி நேரத்திற்குக் காபி, தேநீர், புகையிலை கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதங்கள் தரையில் படிய, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் அமர்ந்திருக்க வேண்டும். கை இதய மட்டத்தில் தாங்கப்பட்டிருக்க வேண்டும். அளக்கும்போது பேசக் கூடாது. அளவீடு வெவ்வேறு நாட்களில் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் இரத்த அழுத்தம். முப்பது வயதைக் கடந்த அனைவரும், தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் அளந்துகொள்ள வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் இப்பரிசோதனை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ், தொடர் சிகிச்சையில் உள்ளோருக்கு இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டிற்கே கொண்டுவந்து தரப்படுகின்றன. ஐயங்களுக்கு 104 என்னும் எண்ணை அழைக்கலாம்.

முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கையோ காலோ திடீரெனத் தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அது பக்கவாதமாக இருக்கலாம். கூடுதலாக ஒரு மாத்திரையை விழுங்கவைத்துக் காத்திருக்கக் கூடாது. விழுங்கும் திறனே பாதிக்கப்பட்டிருக்கக்கூடும். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 108ஐ அழைக்க வேண்டும். மூளையில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்திற்குள்தான் செலுத்த இயலும்.